ஜோர்க்கி, ஃபெட், கீவ்: செட்டிநாட்டு வெயிலில் சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பவை

காரைக்குடி பழம்பொருள் கடையில் வாங்கியவர்கள், இணையத்தில் வரவழைத்தவர்கள், ஐயா காலத்துப் பெட்டகத்தைத் திறந்தபோது கண்டெடுத்தவர்கள் என்று கேமரா வந்த வழி வேறு வேறாக இருந்தாலும், கையில் எடுத்த மறுநாள் வரும் சந்தேகங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. (ரேஞ்ச்ஃபைண்டர் என்பது, வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு உருவங்களை ஒன்று சேர்த்து ஃபோகஸ் செய்யும் வகைக் கேமரா; அந்த ஃபோகஸ் கருவிக்கும் அதே பெயர்தான்.)

முதல் கேமராவாக எதை வாங்கலாம்?

ஃபெட்-2 அல்லது ஜோர்க்கி-4. இரண்டுக்கும் பின்மூடி முழுதாகக் கழன்று வரும், அதனால் ஃபிலிம் மாட்டுவது சுலபம். இரண்டிலும் கண்பார்வைக்கு ஏற்ப வியூஃபைண்டரைத் திருத்தும் நெம்பு இருக்கிறது. ரீவைண்ட் குமிழின் அடியில் பாருங்கள். கண்ணாடி போடுபவர்கள் முதலில் தொட வேண்டியது இந்த நெம்பைத்தான். பலர் இதைக் கவனிக்காமல், ‘ரேஞ்ச்ஃபைண்டர் மங்கல்’ என்று கேமராவையே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

ஃபெட், உக்ரைனின் கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறார்களுக்காக நடந்த தொழிற்குடியிருப்பில் பிறந்தது. முதல் மாடல் 1934-ல் வரிசையாக உற்பத்திக்கு வந்தது, ஜெர்மன் லைக்கா-2-ன் நகல். சோவியத் ரகசியக் காவல்துறையை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகளே அதன் பெயர். ஜோர்க்கி 1948 முதல் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் தயாரானது. கீவ் கேமரா வேறு வம்சம். போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த கருவிகளை வைத்து, கான்டாக்ஸ் கேமராவை ஒட்டி, கீவ் நகரின் அர்செனல் ஆலையில் செய்தார்கள்.

தொலைவைத் துல்லியமாகப் பிடிப்பதில் கீவ் முன்னே நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு கண்களுக்கு இடையிலான தூரம் அதில் 90 மி.மீ.; ஃபெட்-2-ல் 67, ஜோர்க்கி-4-ல் 38 மட்டுமே. ஆனால் கீவ் ஷட்டரின் உலோகப் பட்டைகளைத் தாங்குபவை இரண்டு துணி நாடாக்கள். அவை அறுந்தால் ஷட்டரையே கழற்றி எடுக்க வேண்டும், அந்த வேலை தெரிந்த கைகள் குறைவு. அதனால் முதல் கேமராவாகக் கீவ் வேண்டாம்.

ஃபெட்-1, ஜோர்க்கி-1 இரண்டும் அடிப்பக்கத்திலிருந்து ஃபிலிம் நுழைக்கும் மாடல்கள். அழகானவை, சட்டைப் பையிலும் அடங்கும். ஆனால் ஒவ்வொரு ரோலுக்கும் கத்தரிக்கோல் வேண்டும்.

எந்த வருடத்துக் கேமரா என்று எப்படித் தெரியும்?

ஜோர்க்கி-4, கீவ் கேமராக்களிலும் ஜூப்பிட்டர் லென்ஸ்களிலும் பெரும்பாலும் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் ஆண்டு. 67 என்று தொடங்கினால் 1967. ஃபெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் மாடலின் அமைப்பை வைத்துத்தான் தோராயமாகச் சொல்ல முடியும்.

தங்க முலாம் பூசி, கழுகுச் சின்னம் பொறித்த லைக்கா ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. நிஜமா?

பெரும்பாலும் இல்லை. ஃபெட்-1, ஜோர்க்கி-1 மேல்தட்டைச் சுரண்டி, லைக்கா என்று பொறித்து, முலாம் பூசி விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கும் வியாபாரம். லென்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே மேல்பக்கம் பாருங்கள். லென்ஸின் பின் வளையத்தைத் தொட்டு நகரும் ஒரு நெம்பு தெரியும். லைக்காவில் அதன் நுனியில் சிறு உருளைச் சக்கரம் இருக்கும். சோவியத் நகலில் அந்த இடத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு தகடு. சக்கரம் இல்லையென்றால் லைக்கா விலை கொடுக்க வேண்டாம். ஃபெட் விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், படம் நன்றாகத்தான் வரும்.

கடையிலேயே வைத்து என்னென்ன சோதிக்க வேண்டும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பர்மா தேக்குத் தூணுக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் நடுவே கேமராவும் கிடக்கும். கடைக்காரருக்கு மரமும் பீங்கானும் தெரியும், ஷட்டர் தெரிய வேண்டிய அவசியமில்லை. ‘நல்லா வேலை செய்யுது அண்ணே, டக்குனு சத்தம் வருது’ என்பதே அங்கே கிடைக்கும் உத்தரவாதம். சத்தம் மட்டும் போதாது.

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அடியில் உள்ள இரண்டு சாவிகளையும் திருப்பிவிட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். ஃபிலிமைச் சுற்றிக்கொள்ளும் சுருள் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபெட்-2-லும் ஜோர்க்கி-4-லும் அது கழன்று வரக்கூடியது, தொலைந்துபோன கேமராக்கள் நிறைய. அது இல்லாமல் ஒரு படமும் எடுக்க முடியாது.

அடுத்து ஷட்டர் திரை. ரப்பர் பூசிய துணி வழவழப்பாக, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். வெடிப்பு விழுந்து மீன் செதில் போலத் தெரிந்தால் ஓட்டை நிச்சயம். லென்ஸைக் கழற்றிக் கைபேசி விளக்கை முன்னால் பிடித்து, பின்பக்கம் இருட்டில் வைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் விலையைக் குறைக்கப் பேசலாம். ஷட்டரை ஏற்றிய (வைண்ட் செய்த) நிலையிலும் ஏற்றாத நிலையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நிலையிலும் கண்ணுக்குத் தெரிவது வேறு திரை.

வேகத்தைக் கைபேசியின் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் சோதிக்கலாம். கேமராவின் பின்பக்கத்திலிருந்து, வெளிச்சத்தை நோக்கிப் படம் பிடித்து, நடுப்பகுதி திறந்திருக்கும் ஃபிரேம்களை எண்ணுங்கள். 1/30 விநாடிக்கு 8 ஃபிரேம், 1/60-க்கு 4 வர வேண்டும். 8-க்குப் பதில் 10 வந்தால் பரவாயில்லை, 16 வந்தால் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம் விழும் அளவுக்கு) மெதுவாக ஓடுகிறது என்று அர்த்தம். அதைவிட வேகமானவற்றை இந்த முறையில் அளக்க முடியாது. அதற்கு ஒரு ரோல் செலவழித்தே ஆக வேண்டும்.

‘வைண்ட் பண்ணின பிறகுதான் வேகத்தை மாற்றணும்’ என்கிறார்களே, மாறிச் செய்தால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். ஃபெட், ஜோர்க்கி கேமராக்களில் வேகக் குமிழ் ஷட்டரோடு சேர்ந்தே சுழலும். ஷட்டரை ஏற்றாதபோது குமிழ் வேறு கோணத்தில் நிற்கும். குறி காட்டும் எண் பொய்யாக இருக்கும். அந்த நிலையில் குமிழைத் தூக்கித் திருப்பினால் உள்ளே இருக்கும் முள் தவறான பள்ளத்தில் போய் உட்கார முயலும். 1/30-க்குக் கீழே மெதுவேகங்கள் உள்ள ஜோர்க்கி-3, ஜோர்க்கி-4, ஃபெட்-3 போன்றவற்றில் மெதுவேகப் பல்சக்கர அமைப்பும் இதில் சிக்கிக்கொள்ளும். முள் வளைந்துவிட்டால் மேல்தட்டைத் திறக்காமல் சரிசெய்ய முடியாது.

ஃபெட்-2-ல் மெதுவேகம் இல்லாததால் ஆபத்து குறைவு; இருந்தாலும் பழக்கம் ஒன்றாகவே இருக்கட்டும். முதலில் ஏற்று, பிறகு வேகத்தை வை, பிறகு அமுக்கு. இன்னொன்று: அமுக்கும்போது குமிழ் சுழலும், அதன் மேல் விரல் பட்டால் வேகம் கெடும்.

ஃபிலிம் மாட்டும்போது என்ன தவறு நடக்கிறது?

பெரும்பாலும் ஃபிலிம் நுனி சுருளின் கவ்வியிலிருந்து நழுவிவிடும். 36 முறை ஏற்றி, 36 முறை அமுக்கி, ஒரு படமும் பதியாமல் டெவலப் செய்யக் கொடுப்பார்கள். தப்பிக்க எளிய வழி உண்டு. மூடியபின் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்பித் தளர்வை எடுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அந்தக் குமிழும் சேர்ந்து சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை.

படக் கணக்கு காட்டும் வட்டை கையால்தான் பூஜ்யத்தில் வைக்க வேண்டும், அது தானாகத் திரும்பாது.

அடியில் நுழைக்கும் மாடல்களுக்கு ஃபிலிம் நாக்கை ஏறக்குறைய 10 செ.மீ. நீளத்துக்கு ஒடுக்கமாக வெட்ட வேண்டும். துளையின் குறுக்கே வெட்டாமல் இரண்டு துளைகளுக்கு இடையே வெட்டுங்கள். துளையில் வெட்டினால் அங்கிருந்து கிழிந்து, அந்தத் துணுக்கு ஷட்டருக்குள் போய்விடும்.

முடிந்ததும் ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை ரீவைண்ட் நிலைக்குத் திருப்பிய பிறகே சுற்ற வேண்டும். இறுக்கமாக இருந்தால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், வளையம் முழுதாகத் திரும்பியிருக்காது.

ஒரு ரோல் முழுக்க வெறுமையாக வந்தது, ஃபிலிம் சரியாகத்தான் நகர்ந்தது. ஏன்?

லென்ஸ் மூடி. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, மூடி போட்டிருந்தாலும் வியூஃபைண்டரில் ஊர் முழுக்கப் பளிச்சென்று தெரியும். வெறுமையிலும் ஒரு தடயம் கிடைக்கும்: ஃபிலிம் ஓரத்து எண்களும் எழுத்துகளும் கருப்பாகத் தெரிந்தால் டெவலப்பிங் சரி, கோளாறு கேமராவில் அல்லது மூடியில். அவையும் இல்லையென்றால் மருந்தில்தான் தப்பு.

அப்படியென்றால் மூடியே போடாமல் இருந்துவிடலாமா?

கூடாது, அதுவும் நம் ஊரில் கூடவே கூடாது. எஸ்.எல்.ஆர். கேமராவில் (லென்ஸ் வழியாகவே பார்க்கும் வகை) லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒன்று நிற்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் எதுவும் இல்லை. லென்ஸ் வழியாக வரும் சூரியன் நேரே துணித்திரையில் விழும். சிறுவயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் கொளுத்தினோமே, அதே வித்தை. கழுத்தில் தொங்கும் கேமரா சற்றே மேல்நோக்கித் திரும்பி, லென்ஸ் எஃப் 2-ல் அகலத் திறந்து, தூரம் முடிவிலியில் இருந்தால், கானாடுகாத்தான் தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே துளை விழலாம்.

எடுக்காதபோது லென்ஸைக் கீழ்நோக்கி வையுங்கள், அபெர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) எஃப் 16-க்கு மூடுங்கள், தூர அளவை அருகில் கொண்டுவாருங்கள். நடந்து போகும்போது மூடி போடுங்கள். கீவ் கேமராவின் உலோக ஷட்டருக்கு இந்தப் பயம் இல்லை, அதை விரும்புபவர்கள் முதலில் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

துளை விழுந்துவிட்டது. திரையை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஒன்றிரண்டு ஊசித்துளை என்றால் அடைத்துவிடலாம். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி வருவதுதான் துளையின் அடையாளம். துணிக்குப் பூசும், காய்ந்தாலும் வளையக்கூடிய கருப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பல்குச்சி நுனியில் தொட்டு, ஃபிலிம் பக்கமாக மெல்லிய பூச்சு கொடுங்கள். ஷட்டரை அப்படியே விட்டு இரவு முழுதும் காயவிட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு. தடிமனாகப் பூசினால் திரை உருளையில் சுருளும்போது அந்த இடம் முட்டி வேகத்தைக் கெடுக்கும். நெயில் பாலிஷ் வேண்டாம், காய்ந்தால் விறைத்து உடையும். திரை முழுக்க வெடித்திருந்தால் பூச்சு வீண்வேலை, புதுத்திரைதான் வழி.

படத்தின் ஒரு ஓரம் மட்டும் இருண்டு, 1/500-லும் 1/1000-லும் மட்டும் அப்படி வந்தால் அது துளை சம்பந்தமில்லாத நோய். இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது. சுத்தம் செய்து எண்ணெயிட்டாலே பல நேரம் சரியாகிவிடும். சுருள்வில்லை முறுக்கி முறுக்கிச் சரிசெய்பவரிடம் கொடுக்காதீர்கள். அன்றைக்குச் சரியாகும், அடுத்த கோடையில் திரை கிழியும்.

ஃபோகஸ் செய்யும்போது இரட்டை உருவம் ஒன்று சேர்ந்தது, ஆனால் படம் மங்கல். கேமரா கோளாறா?

அதற்கு முன், எதை வைத்து ஃபோகஸ் செய்தீர்கள் என்று யோசியுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் இரண்டு உருவங்களைப் பக்கவாட்டில் பொருத்துகிறது. ஒரே மாதிரி அடுக்கிய கோடுகள் இருந்தால் அது ஏமாறும். ஆயிரம் ஜன்னல் வீட்டு முகப்பில் கம்பிகளைப் பாருங்கள்: மூன்றாவது கம்பியின் உருவம் நான்காவது கம்பியின் மேல் போய் உட்கார்ந்தாலும் ‘சேர்ந்துவிட்டது’ என்றே கண் நினைக்கும். வளவைச் (முற்றம் உள்ள உள்கட்டைச்) சுற்றி வரிசையாக நிற்கும் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லின் கட்டங்களும் இதே சூழ்ச்சியைச் செய்யும். தனித்து நிற்கும் செங்குத்துக் கோட்டைத் தேடுங்கள்: கதவு நிலையின் ஓரம், நிற்கும் ஆளின் காது, தூணில் ஒட்டிய காகிதத்தின் விளிம்பு. வெறும் கிடைக்கோடு மட்டும் இருந்தால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் செய்துவிட்டு மறுபடி சாய்க்கலாம்.

கிட்டத்தில் தவறுக்கு இடமே இல்லை. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2, தூரம் 1 மீட்டர் என்றால் கூர்மையாக வருவது மொத்தம் ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம்தான். கண்ணை ஃபோகஸ் செய்துவிட்டு உடம்பை லேசாக முன்னால் சாய்த்தாலே காதுக்குப் போய்விடும். வெளியில் எடுக்கும்போது ஃபோகஸே தேவையில்லை: 50 மி.மீ., எஃப் 11, தூரம் 7.5 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய 4 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மை. எஃப் 16, 5 மீட்டர் என்றால் 2.5 மீட்டரிலிருந்து. வீதி, தேர், சந்தை எல்லாவற்றுக்கும் இது போதும்.

ரேஞ்ச்ஃபைண்டரே தப்பு என்று உறுதியானால் வீட்டில் திருத்தலாமா?

ஜோர்க்கி-4-ஐத் திருத்தலாம், பொறுமை இருந்தால். குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு குறி வேண்டும். குன்றக்குடி மலை மேலிருக்கும் கோயிலோ, கைபேசிக் கோபுரமோ போதும். லென்ஸை முடிவிலி நிறுத்தம் வரை திருப்பிப் பாருங்கள்.

உருவம் மேலும் கீழுமாகப் பிரிந்திருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். முன்பக்கத்துச் சிறிய வட்ட ஜன்னலைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றினால் உள்ளே உள்ள கண்ணாடி திரும்பும். இம்மி இம்மியாகத் திருப்புங்கள். அது பக்கவாட்டையும் கொஞ்சம் நகர்த்தும், அதனால்தான் இதை முதலில் செய்யச் சொல்கிறோம். பிறகு, முன்பக்கத்தில் ஜன்னல்களுக்கு அருகே தனியாக நிற்கும் சிறு மூடுதிருகைக் கழற்றி, உள்ளே உள்ள திருகைத் திருப்பிப் பக்கவாட்டைப் பொருத்துங்கள்.

கடைசியாக, ஃபிலிம் இருக்கும் தளத்திலிருந்து டேப் வைத்து 1 மீட்டர் அளந்து சோதியுங்கள். முடிவிலி சரி, 1 மீட்டர் தப்பு என்றால் கோளாறு நெம்பிலோ லென்ஸின் ஷிம்மிலோ (தூரத்தைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) இருக்கும். லென்ஸைத் தனியாகச் சோதிக்க, பின்மூடியைத் திறந்து ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான செல்லோடேப்பை இறுக்கமாக ஒட்டி, ‘பி’ வேகத்தில் (பொத்தானை அமுக்கியிருக்கும் வரை திறந்திருப்பது) ஷட்டரைத் திறந்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்க்கலாம். லென்ஸ் சொல்வது உண்மையா, ரேஞ்ச்ஃபைண்டர் சொல்வது உண்மையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

லைட் மீட்டர் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் எக்ஸ்போஷர் எப்படி வைப்பது?

ஃபெட்-4, கீவ்-4 கேமராக்களில் உள்ள செலினியம் மீட்டர்கள் பெரும்பாலும் உயிரிழந்தவை. முள் ஆடினாலும் நம்ப வேண்டாம். கைபேசி மீட்டர் செயலி போதும். அதைவிட இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

400 ஐ.எஸ்.ஓ. (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு) ஃபிலிமுக்கு: நண்பகலில் தெருவிலும், வெயில் நேரே விழும் முற்றத்திலும் எஃப் 16, 1/500. தெருவில் வீட்டு நிழலில் எஃப் 8, 1/250. வளவின் தாழ்வாரத்தில், முற்றத்தை ஒட்டி, எஃப் 4, 1/60. உள்ளே தள்ளி, கதவு வழியாக மட்டும் வெளிச்சம் வரும் கூடத்தில் எஃப் 2, 1/60. இருண்ட அறையில் எஃப் 2, 1/15, அதற்குத் தூணில் சாய்ந்து மூச்சைப் பிடிக்க வேண்டும்.

முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே ஏழு ஸ்டாப் இருக்கிறது பாருங்கள். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க நினைத்தால் நிழலுக்கு அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைவைத் தாங்காது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புச் சுவரை மட்டும் குறிபார்த்து அளந்தால் மீட்டர் ஏமாந்து படம் இருண்டுவிடும்.

வெளியில் மட்டும் எடுப்பதாக இருந்தால் 100 அல்லது 200 ஃபிலிம் வாங்குங்கள். ஃபெட்-2-ல் 1/500-க்கு மேல் வேகமே இல்லை. பழைய ஷட்டர் அதையும் 1/300 என்று ஓட்டும். 400 ஃபிலிமோடு நண்பகலில் நின்றால் தப்பிக்க இடமிருக்காது.

எந்த லென்ஸ்?

ஜூப்பிட்டர்-8, 50 மி.மீ. எஃப் 2. ஜெர்மன் சைஸ் நிறுவனத்தின் சோனார் லென்ஸ் அமைப்பின் வழிவந்தது. திறந்து வைத்தால் மென்மை, எஃப் 5.6-ல் நல்ல கூர்மை. இண்டஸ்டார்-61 எஃப் 2.8 அதைவிட மலிவு, கான்ட்ராஸ்ட் அதிகம். வெறும் கூர்மைதான் முக்கியம் என்றால் இதுவே மேல். இரண்டுக்கும் 40.5 மி.மீ. ஃபில்டர் பொருந்தும். ஒரு மஞ்சள் ஃபில்டரும் ஒரு ஹூடும் வாங்கிவிடுங்கள். அந்தக் காலத்து ஒற்றைப் பூச்சுக் கண்ணாடி எதிர்வெயிலில் சட்டென்று வெளுத்துவிடும்.

வளவு முழுவதையும் காட்ட 50 போதாது. ஜூப்பிட்டர்-12, 35 மி.மீ. எஃப் 2.8 வேண்டும். அதற்குத் தனி வியூஃபைண்டரும் வேண்டும், மேலே செருகிக்கொள்ளலாம். அபெர்ச்சர் வளையம் முன்கண்ணாடியைச் சுற்றி உள்ளடங்கி இருக்கும், தேடாதீர்கள். பின்கண்ணாடி ஒரு கோலிக்குண்டு போல் வெளியே துருத்தி நிற்கும். தரையில் வைக்கும்போது கீறல் விழுவது அதில்தான்.

சோவியத் லென்ஸை நிஜ லைக்காவில் போட்டால் கிட்டத்தில் ஃபோகஸ் தப்பும். லைக்கா தன் ரேஞ்ச்ஃபைண்டரை 51.6 மி.மீ. லென்ஸ் கணக்கில் அமைத்தது, ஜூப்பிட்டர்கள் கான்டாக்ஸின் 52.4 கணக்கில் வந்தவை. ஃபெட், ஜோர்க்கியில் இந்தத் தொல்லை இல்லை.

இந்த லென்ஸ்களை மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் போடலாமா?

தாராளமாக. எம்39 அடாப்டர் ஒன்று போதும், கண்ணாடி இல்லாத வெறும் உலோக வளையம். கேமரா மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கட்டும்’ என்ற அமைப்பை இயக்காவிட்டால் பொத்தான் அமுங்காது. பாதிக் கேள்விகள் இதனால்தான் வருகின்றன. ஜூப்பிட்டர்-12-ஐ மட்டும் அவசரப்பட்டுத் திருகாதீர்கள், பின்கண்ணாடி சில கேமராக்களின் உள்ளே இடிக்கும். திருகும்போது எங்காவது தட்டினால் நிறுத்துங்கள்.

வாங்கும்போது ஒரு குழப்பம் உண்டு. 39 மி.மீ. மரையில் ஜெனிட் எஸ்.எல்.ஆர். லென்ஸ்களும் என்லார்ஜர் லென்ஸ்களும் இருக்கின்றன. ஃபிலிமிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ் உட்காரும் தூரம் 28.8 மி.மீ., ஜெனிட்டுக்கு 45.2. மாற்றிப் போட்டால் எதுவும் கூர்மையாக வராது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும்போது லென்ஸின் பின்னால் ஒரு உலோக வளையம் முன்னும் பின்னும் நகர்ந்தால் அது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ். ஹீலியோஸ்-44 என்றால் அது பெரும்பாலும் 42 மி.மீ. மரை, அதற்கு வேறு அடாப்டர். சுழலும் பின்னணி வேண்டும் என்று அதை வாங்குபவர்கள் வெற்றுச் சுவர் முன் நிறுத்தி எடுத்துவிட்டு ஏமாறுகிறார்கள். பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இலைகளும் அவற்றின் இடுக்கில் வெளிச்சமும் இருந்தால்தான் சுழலும்.

லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி இருக்கிறது.

பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் வைத்த லென்ஸில் வரும். தோல் உறைதான் பெரிய எதிரி. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூஞ்சைக்குச் சோறு போடும். உறையைத் தனியாகத் தூக்கி வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 100 கிராம் நீல சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பத மீட்டர். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதம் இருக்கட்டும். மணிகள் இளஞ்சிவப்பானால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும் (அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள்). அரிசிப் பானையில் போட்டு வைப்பவர்களும் உண்டு. தவிட்டுத் தூசி ஃபோகஸ் மரைக்குள் போய் அரைக்கும், வேண்டாம்.

மேலாக இருக்கும் பூஞ்சை துடைத்தால் போகும். நாள்பட்டது பூச்சையே அரித்துத் தடம் விட்டிருக்கும், அது போகாது. ஆனால் லேசான தடம் படத்தில் தெரிவதில்லை, எதிர்வெயிலில் மட்டும் கொஞ்சம் வெளுக்கும்.

ஃபோகஸ் வளையம் இறுகிக் கிடந்தால் பழைய கிரீஸ் காய்ந்திருக்கிறது. பிரிக்கும் முன் ஒரு எச்சரிக்கை: உள்மரைக்குப் பல தொடக்கங்கள் உண்டு. இரண்டு பாகமும் பிரியும் அந்தக் கணத்தில் இரண்டிலும் நேருக்கு நேர் கோடு கிழித்துவிடுங்கள். கோடு இல்லாமல் பிரித்தவர்கள் ஒவ்வொரு தொடக்கமாக மாட்டி மாட்டி முடிவிலியைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். லைட்டர் பெட்ரோலால் கழுவி, புது கிரீஸை மரையில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். மிஞ்சியது வெயில் காலத்தில் இளகி அபெர்ச்சர் இதழ்களுக்குப் போகும்.

கருப்பு வெள்ளையை வீட்டில் டெவலப் செய்தால் நம் ஊர்ச் சூட்டில் சரிவருமா?

வரும், ஐஸ் இருந்தால். கலர் ஃபிலிமை 38 டிகிரியில் செய்வதால் அதற்கு வெந்நீர் வேண்டும், கருப்பு வெள்ளைக்கோ 20 டிகிரி. சித்திரை, வைகாசியில் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டும்.

இல்ஃபோர்டு எச்.பி.5 ஃபிலிமுக்கு டி-76 டெவலப்பர் மருந்து 150 மி.லி., தண்ணீர் 150 மி.லி. சேர்த்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். 24 டிகிரியில் ஏறக்குறைய 8 நிமிடம். அதற்கு மேல் போக வேண்டாம். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் சீராகப் பதியாது, ஜெலட்டினும் இளகிக் கீறல் வாங்கும். அகலமான அலுமினியச் சட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டு மருந்துப் பாட்டில்களை அதில் நிறுத்துங்கள். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு 32 டிகிரித் தண்ணீரில் கழுவுவது பெரிய தவறு. ஃபிலிமின் மேல்பூச்சு சட்டென்று விரிந்து வலைபோல் சுருங்கும். டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும்.

இன்னொரு இடைஞ்சல் வியர்வை. ஃபிலிமை ரீலில் ஏற்றும் வெளிச்சம் புகாத கருப்புப் பைக்குள் பத்து நிமிடம் கையை விட்டால் உள்ளே புழுங்கி, பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. விடியற்காலையில் செய்யுங்கள், ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும். சிக்கினால் இழுக்காமல், ஃபிலிமைத் தொட்டியில் போட்டு மூடிவிட்டுக் கையை வெளியே எடுத்து ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

கிணற்று நீரும் போர் தண்ணீரும் உப்பு என்றால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் ஒரு லிட்டர் எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொங்கவிடுங்கள்.

கேமராவை நாள் கணக்கில் எடுக்காமல் வைப்பதென்றால்?

ஷட்டரை ஏற்றிய நிலையில் வைக்காதீர்கள், வில் தளரும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, ஃபிலிம் இல்லாமல், ஒவ்வொரு வேகத்திலும் நாலைந்து முறை அமுக்குங்கள். ஃபிலிமைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால் உறையைப் பிரிக்காமல் இரண்டு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு மாட்டுங்கள், இல்லையென்றால் அதன் மேல் நீர் கோக்கும். கார் டாஷ்போர்டில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், கேமராவையும் சரி, ஃபிலிமையும் சரி.